ஒளிந்துகொள்ள யாரும் வரவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான இசை விழாக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆர்வத்தோடு படித்தேன். இரண்டாம் முறை, அந்த வாக்கியம் உண்மையிலேயே அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் படித்தேன். “சேர்ந்திசைக் குழு, தனியாகப் பாடக் குரலும் துணிவும் இல்லாதவர்கள் ஒளிந்துகொள்ளும் இடம்” என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அவருக்கு அது போகிற போக்கில் வந்து விழுந்த வரியாக இருக்கலாம். குரல் தேர்வு வைக்காத ஒரு சேர்ந்திசைக் குழுவை 11 ஆண்டுகளாக நடத்திவரும் எனக்கு, அந்த இதழை மடித்து வைத்த பிறகும் அந்த வரி மட்டும் மனத்தை விட்டு அகலவில்லை.

சேர்ந்து பாடுவதில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஒருவர் மூச்சில் அடங்காத நீண்ட வரி ஒன்றை நாங்கள் பாடும்போது, எந்தச் சொல்லுக்குப் பின் யார் மூச்சு எடுப்பது என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்கிறோம். மூச்சு எடுப்பவர் ஓசையின்றி விலகி, அதைவிட மெதுவாகத் திரும்பி வந்து சேர வேண்டும். பக்கத்தில் இருப்பவர் அதே இடத்தில் மூச்சு எடுத்துவிடக் கூடாது. இருவர் மறந்தாலும் வரி நடுவில் ஓட்டை விழும், அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கும் அது கேட்கும். வாத்தியம் இல்லாமல் பாடினால் இன்னொரு தொல்லையும் உண்டு. களைப்பாலோ கவனக் குறைவாலோ சிலர் ஸ்வரத்தைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்தால் குழு முழுவதும் அவர்களோடு இறங்கிவிடும். பாட்டு முடியும்போது, தொடங்கிய சுருதி எங்கோ மேலே நின்றுகொண்டிருக்கும். பக்கத்தில் பாடுபவரின் குரல் காதில் விழவில்லை என்றால் நாம் தேவைக்கு மேல் உரக்கப் பாடுகிறோம் என்று பொருள். புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தனியாகப் பாடுபவருக்கு இந்தக் கவலை இல்லை.

கட்டுரையாளர் மீது மட்டும் எனக்குக் கோபமில்லை. இந்த எண்ணம் அவர் பிறப்பதற்கு முன்பே இருந்தது. ஒன்பதாம் வயதில், பள்ளி ஆண்டு விழா ஒத்திகையில், பாட்டு ஆசிரியை வரிசை வரிசையாகக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார். “நீ வாயை மட்டும் அசை” என்றார். அன்றும் அசைத்தேன், அதன்பின் 30 ஆண்டுகள் கோயிலிலும் கல்யாண வீடுகளிலும் என் குழந்தையின் தொட்டில் பக்கத்திலும் வாயை மட்டுமே அசைத்தேன். எங்கள் குழுவுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இதே வாக்கியத்தை, இதே சொற்களில், ஒரு கட்டத்தில் என்னிடம் சொல்லிவிடுகிறார்கள். சொன்னவர் பெயரும் அன்று நின்ற இடமும்கூட அவர்களுக்கு நினைவிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற ஒருவர் ஒத்திகைக்கு வந்தார். கதவருகிலேயே நின்றுகொண்டு, “நான் பாட வரவில்லை அம்மா, சும்மா கேட்டுவிட்டுப் போகிறேன்” என்றார். பாடல் தாளை அவரிடம் கொடுத்து உட்கார வைத்தேன். நான் ஒரு ஸ்வரத்தைப் பாடிக் காட்ட, அவர் என் குரல் இருக்கும் உயரத்திலேயே அதைப் பிடிக்க முயன்றார். ஆண்குரல் அதே ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி கீழே பிடிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. குரல் உடைந்தது. தலையைக் குனிந்துகொண்டார், நான்காய் மடித்திருந்த தாள் அவர் கையில் வியர்வையில் நனைந்துபோயிருந்தது. “உங்களுக்குச் சிரமமில்லாத இடத்தில் ‘ம்’ என்று நிறுத்துங்கள், போதும்” என்றேன். நிறுத்தினார். அந்த ஸ்வரத்துக்கு நாங்கள் 20 பேரும் இறங்கிப் போய்ச் சேர்ந்தோம். தம் குரலோடு ஓர் அறை முழுவதும் இணைந்து ஒலிப்பதை 60 வயதில் முதன்முறையாகக் கேட்ட அவர், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். துடைக்கும்போதும் ‘ம்’ நிற்கவில்லை. இப்போது அவர்தான் எங்கள் கீழ்க்குரல் பிரிவுக்குத் தூண். அவரை முன்னால் வைத்துக்கொண்டு அந்தக் கட்டுரையின் வரியை யாராவது உரக்கப் படித்துக் காட்ட முடியுமா?

இப்படி ஒரு குழுவை நடத்துவது எளிது என்று நினைப்பவர்கள் ஒரு மாதம் நடத்திப் பார்க்கட்டும். என் குரலுக்கு வசதியான சுருதியில் தொடங்கினால் ஆண்களில் பாதிப் பேர் மேலே எட்டவும் முடியாமல் கீழே இறங்கவும் முடியாமல் தவிப்பார்கள். ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் சுருதியை அவர்களை வைத்துத் தேட வேண்டும். இசைக்குறிப்பு படிக்கத் தெரியாதவர்களுக்கு வரி வரியாகக் காதுவழி சொல்லித்தர வேண்டும். புதியவரை ஓரத்தில் உட்கார வைத்தால் மூன்றாவது வாரம் வரமாட்டார். உறுதியாகப் பாடும் இருவருக்கு நடுவில் உட்கார வைத்தால் தங்குவார். எல்லாவற்றையும்விடக் கடினமானது, நல்ல குரல் படைத்த ஒருவர் தம் குரலால் மற்ற எல்லோரையும் மூடிவிடும்போது, அவர் மனம் நோகாமல் அதைச் சொல்வது. இந்த ஒன்றில் மட்டும் நான் பல முறை தோற்றிருக்கிறேன். அருமையான பாடகர் ஒருவரை இழந்தும் இருக்கிறேன்.

சேர்ந்து பாடும்போது நடப்பவற்றை ஆராய்ச்சியாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். சேர்ந்து பாடுபவர்களின் இதயத் துடிப்பு, பாட்டின் வரியமைப்பு மூச்சை ஒழுங்குபடுத்துவதால், ஒரே போக்கில் ஏறி இறங்குகிறது என்று சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் காட்டினார்கள். பாட்டு, கைவினை, படைப்பெழுத்து ஆகிய வகுப்புகளில் புதிதாகச் சேர்ந்தவர்களை ஏழு மாதம் தொடர்ந்து கவனித்து, பாடியவர்களே மற்றவர்களைவிட விரைவாக ஒருவரோடொருவர் நெருங்கினார்கள் என்று கண்ட ஆய்வு 2015-ல் வெளிவந்தது. இங்கிலாந்தில் ஜான் கர்வென் என்ற பாதிரியார், தாமே இசைக்குறிப்பு படிக்கத் திணறியவர், சாரா குளோவர் என்ற ஆசிரியை வகுத்த ஸ்வர எழுத்து முறையை 1840-களிலிருந்து செம்மைப்படுத்திப் பரப்பியதும், சாதாரண மக்கள் சேர்ந்து பாடுவதற்காகத்தான்.

நம் இடத்தின் கதையையும் சொல்ல வேண்டும். சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கிய எம்.பி. சீனிவாசனைப் பற்றித் தங்கள் இதழ் எழுதிய போதெல்லாம் அவருடைய திரையிசைக்குப் பத்திகளும் சேர்ந்திசைக்கு ஒரு வரியும் கிடைத்தன. இதைக் குறிப்பிட்டு அப்போதே ஒரு கடிதம் அனுப்பினேன். அது வெளியாகவில்லை, இடப் பற்றாக்குறை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

விழாக்களிலும் இதே கதைதான். சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானால் எங்களை மேடையேற்றுவார்கள். அவருடைய கார் வந்துவிட்டால் பாதிப் பாட்டில் கைகாட்டி நிறுத்துவார்கள். முப்பது பேருக்கு இரண்டு மைக் வைப்பார்கள், அவையும் முன்வரிசை இருவரின் வாய்க்கு நேராக இருக்கும். மறுநாள் செய்தியில் நாங்கள் “இறைவணக்கம் பாடிய குழுவினர்” ஆகியிருப்போம். ஒத்திகைக்கென்று கொடுத்த அறையை, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேறு கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டதால், மழையில் வாசலில் நின்றே ஒத்திகையை முடித்த மாலையும் உண்டு. அன்றும் எல்லோரும் வந்திருந்தார்கள்.

இவ்வளவையும் எழுதிவிட்டுக் கடைசியில் நான் கேட்கப்போவது மிகச் சிறியது. தங்கள் இதழின் ‘இந்த வார நிகழ்ச்சிகள்’ பகுதிக்கு எங்கள் ஒத்திகை பற்றிய அறிவிப்பை ஆண்டுக்கு இரண்டு முறை அனுப்புகிறேன். அதில், “குரல் தேர்வு இல்லை; பாட வராது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அவசியம் வாருங்கள்” என்ற வரி இருக்கும். நாளும் நேரமும் அச்சாகின்றன. அந்த வரியை மட்டும் ஒவ்வொரு முறையும் எடுத்துவிடுகிறார்கள். அது இல்லாத அறிவிப்பைப் பார்த்து, நன்றாகப் பாடுபவர்கள் வருகிறார்கள். நான் யாருக்காக எழுதினேனோ அவர்கள், தங்களுக்கு இல்லை என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். அடுத்த மாதம் புதிய சுற்று தொடங்குகிறது. அறிவிப்பை இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். இடம் போதவில்லை என்றால் என் பெயரையும் குழுவின் பெயரையும் எடுத்துவிடுங்கள், அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி