மணிக்கட்டில் டைட்டானியம், ஜன்னலில் ஈயம்

அன்புள்ள வசந்தி,

நலம், நலமறிய ஆவல். என் வலது மணிக்கட்டை மட்டும் அந்த "நலம்" கணக்கில் சேர்க்காதே. எப்படி விழுந்தேன் என்று கேட்க வேண்டாம். லலிதா இதற்குள் உனக்குப் போன் போட்டு, பக்கத்திலேயே நின்று பார்த்தவள் மாதிரி எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். அதில் பாதியைத் தள்ளிவிடு. மீதியிலும் அழுததாகச் சொன்ன பகுதியை எடுத்துவிடு. கையெழுத்து இப்படிக் கோணிக்கொண்டு போவதற்குக் காரணம் அதுதான். ராஜம் மிஸ் பார்த்திருந்தால் முன்னைக்கு இப்போது தேவலை என்றிருப்பார்.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் நீ நடுவில் புகுந்து உன் கதையை ஆரம்பித்துவிடுவாய். இது நடுவில் யாரும் புகாமல் சொல்ல வேண்டிய விஷயம்.

போன கடிதத்தில் இரண்டு சேதி எழுதியிருந்தாய். ஒன்று, பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள், அடுத்த மாதம் வந்து தங்கப்போகிறாள். இரண்டு, அவள் வருவதற்குள் அந்தப் பழைய ஜன்னல்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புது பெயிண்ட் அடிக்கப்போகிறாய். இதைப் படித்து முடிக்கும்வரை அந்த உப்புத்தாளைத் தொடாதே. காரணம் பின்னால் வரும். முதலில் என் கதை.

எலும்பு மூன்று துண்டு. மாவுக்கட்டு போதாது, பிளேட் வைத்து ஸ்க்ரூ போடணும் என்றார் டாக்டர். மேஜை டிராயரிலிருந்து மாதிரிக்கு ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். விரல் நீளம்கூட இல்லை. டி எழுத்து மாதிரி ஒரு தகடு, அதில் வரிசையாக ஓட்டைகள். கையில் வைத்தால் இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு லேசு. எஃகைத் தொட்டால் சுரீரென்று குளிருமே, அதுவும் இல்லை. ஸ்க்ரூக்களோ ஒன்று தங்க நிறம், ஒன்று நீலம், ஒன்று பச்சை. பொம்மைக்கடைச் சாமான் மாதிரி இருக்கிறதே, இந்தச் சாயம் உடம்புக்குள் கரையாதா என்று கேட்டேன். சாயமே இல்லை என்றார். டைட்டானியத்தின் மேல் அதன் ஆக்ஸைடு மெல்லிசாகப் படர்ந்திருக்கும். மின்சாரம் பாய்ச்சி அந்தப் படலத்தைக் கொஞ்சம் தடிப்பாக்கினால் நிறம் வருமாம். படலத்தின் மேல்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் கலக்கும்போது சில நிறங்கள் அழிந்து சில நிறங்கள் எடுப்பாகும். சோப்புக் குமிழியில் தெரியும் நிறமும் இதே கணக்குத்தான். எந்த அளவு ஸ்க்ரூ என்று பார்த்ததும் தெரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு தடிப்பில் ஒவ்வொரு நிறம்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது எனக்கு. ஒரு கையால் வேறு என்ன செய்ய முடியும்? படிக்கத்தான் முடியும். பொதுத்தேர்வில் வேதியியலில் என்னைவிட எக்கச்சக்கமாக மார்க் வாங்கியவள் நீ. பிறகு பேங்க்குக்குப் போய் அத்தனையையும் மறந்தாய். நான் மறப்பதற்கு எதுவும் இல்லாததால் இப்போது புதுசாகப் படிக்கிறேன்.

இந்த டைட்டானியம் இருக்கிறதே, சாதுவான உலோகம் என்று நினைத்துவிடாதே. சூடேற்றினால் ஆக்ஸிஜனோடு மட்டுமல்ல, யாரோடும் சேராமல் ஒதுங்கியிருக்கும் நைட்ரஜனோடும் சேர்ந்து எரியும். பூமியின் மேலோட்டில் அதிகம் இருக்கும் தனிமங்களில் இதற்கு ஒன்பதாவது இடம். 1791-இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் வில்லியம் கிரிகோர் என்ற பாதிரியார் கறுப்பு மணலில் இதன் தடயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் தூய உலோகமாகப் பிரித்தெடுக்க 1910 வரை ஆனது. எதைத் தொட்டாலும் ஒட்டிக்கொள்ளும் குணம்தான் காரணம். இன்றைக்கும் காற்றே படாமல் ஆர்கான் வாயுவுக்குள் வைத்து, மக்னீசியத்தைக் கொண்டுதான் பிரிக்கிறார்கள். மண்ணில் இவ்வளவு கிடந்தும் விலை இறங்காததற்கு இந்தப் பாடுதான் காரணம்.

இவ்வளவு ஆவேசமான உலோகம் உப்பும் தண்ணீரும் வெதுவெதுப்புமாக இருக்கும் நம் உடம்புக்குள் எப்படிச் சும்மா கிடக்கிறது? அந்தப் படலத்தால்தான். காற்றுப் பட்ட கணமே சில நானோமீட்டர் கனத்துக்கு ஆக்ஸைடு மூடிக்கொள்கிறது. அதற்கு மேல் எதுவும் உள்ளே போக முடியாது. கீறினாலும் கீறிய இடத்தில் உடனே புதுப் படலம். அலுமினியமும் இதையேதான் செய்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலப்பதும் இதற்காகத்தான்: துருப்பிடிக்காமல் காப்பது இரும்பு அல்ல, குரோமியத்தின் ஆக்ஸைடு. பாவம், இரும்புக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. அதன் துரு உப்பி, பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, அடுத்த அடுக்கையும் காற்றுக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. துருப்பிடிப்பதில் பிரச்சினை இல்லை வசந்தி, துரு ஒட்டிக்கொண்டு நிற்கிறதா உதிர்கிறதா என்பதில்தான் எல்லாம். இதை ஒருவர் வகுப்பில் சொல்லியிருந்தால் நான் ஃபெயிலாகியிருப்பேனா? நீ சிரிப்பது தெரிகிறது. சிரி.

எனக்கு ரொம்பப் பிடித்தது முயல் கதை. 1952-இல் ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவர் எலும்புக்குள் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தால் செய்த ஒரு சின்னக் கூட்டைப் பொருத்தி, அதன் வழியாக நுண்ணோக்கியில் பார்த்தார். வேலை முடிந்தது, கூட்டை எடுத்து அடுத்த முயலுக்கு வைக்கலாம் என்று பார்த்தால் வரவில்லை. எலும்பு அதன்மேலேயே வளர்ந்து பிடித்துக்கொண்டுவிட்டது. வேறொருவராக இருந்தால் கூடு வீணாகிவிட்டதே என்று அலுத்துக்கொண்டிருப்பார். இவர் அதையே பிடித்துக்கொண்டு 1965-இல் முதல் முறையாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டானியம் பதித்துப் பல் கட்டினார். லலிதா மாதக்கணக்கில் நம்மிடம் புலம்பித் தீர்த்த அந்தப் பல் இம்ப்ளான்ட்டின் பூர்வகதை இதுதான். அவளிடம் சொல்லாதே, மறுபடி ஆரம்பிப்பாள்.

இன்னொன்று. எலும்புக்கு வலு தரும் கால்சியமும் ஓர் உலோகம்தான். 1808-இல் ஹம்ப்ரி டேவி தனியாகப் பிரித்தபோது அது பளபளவென்று வெள்ளியாக இருந்திருக்கிறது. பெரியவர்கள் உடம்பில் அது ஏறக்குறைய ஒரு கிலோ, அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளையாகத் தெரிவதும் இந்தக் கால்சியத்தால்தான். அணு எண் பெரிதாகப் பெரிதாகக் கதிர் அதிகமாகத் தடைபடும். சதையில் இருப்பதெல்லாம் ஹைட்ரஜன், கார்பன், ஆக்ஸிஜன் என்று 1, 6, 8. கால்சியம் 20. படமெடுக்கும்போது நமக்குப் போர்த்துவார்களே ஓர் அங்கி, அதிலிருக்கும் ஈயம் 82.

சரி, ஈயத்துக்கு வந்துவிட்டேன். இனி கிண்டல் இல்லை, கவனமாகப் படி.

டைட்டானியத்தைப் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறாயா? தினமும் பார்க்கிறாய். தோண்டியெடுக்கும் டைட்டானியத் தாதுவில் பெரும்பகுதி பிளேட்டுக்கோ விமானத்துக்கோ போவதில்லை, வெள்ளை நிறத்துக்குப் போகிறது. சுவர் பெயிண்ட், வெள்ளைப் பிளாஸ்டிக், பல பற்பசைகள், மாத்திரையின் மேல்பூச்சு எல்லாம் டைட்டானியம் டைஆக்ஸைடு. ஒளியை வளைப்பதில் வைரத்தையே மிஞ்சும், வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.4 என்றால் இதற்கு 2.7. அதனால்தான் மெல்லிசாக அடித்தாலும் அடியில் இருப்பது தெரியாமல் மூடிவிடுகிறது. ஆனால் இது தொழிற்சாலையில் தயாராகி விற்பனைக்கு வந்தது 1916 வாக்கில்தான். அதற்கு முன் ஆயிரக்கணக்கான வருஷம் வெள்ளை என்றால் ஈய வெள்ளை. டைட்டானியம் வந்த பிறகும் அது லேசில் போய்விடவில்லை. வீட்டுக்குள் அடிக்கும் பெயிண்டில் ஈய வெள்ளை கூடாது என்று 1921-லேயே சர்வதேச உடன்படிக்கை வந்தும், அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடை செய்ய 1978 ஆனது. வெள்ளை மட்டுமல்ல. பளிச்சென்ற மஞ்சளுக்கு ஈயக் குரோமேட், இரும்புக் கம்பிக்கு முதல் கோட்டாகச் செந்நிற ஈய ஆக்ஸைடு. சிவப்பாக இருப்பதெல்லாம் ஈயம் என்றில்லை, வெறும் இரும்பு ஆக்ஸைடாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

உன் ஜன்னல்கள் உன் மாமியார் காலத்தவை. மேலே நீ அடித்த வெள்ளை, அதற்குக் கீழே அந்தப் பச்சை, அதற்கும் கீழே என்னென்ன இருக்கிறதோ. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அத்தனையும் பொடியாகும். அந்தப் பொடி தரையில் படியும். தரையில் தவழ்வது யார்? கையை வாயில் வைப்பது யார்?

விழுங்கிய ஈயத்தில் பெரியவர்கள் உடம்பு ஏற்பதைப்போல 4, 5 மடங்கைக் குழந்தையின் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். கால்சியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வதுதான் ஈயத்தின் சாமர்த்தியம். எலும்புக்குள் போனால் பத்து இருபது வருஷத்துக்கு அங்கேயே இருக்கும். பிற்பாடு கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்குமே, அப்போது ஈயமும் கூடவே இரத்தத்துக்கு வரும். இதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். இன்றைக்குப் பேத்தி விழுங்குவது அவள் பிள்ளை வரைக்கும் போகலாம். மூளை வளரும் வயதில் இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

லலிதாவின் அப்பா நினைவுக்கு வருகிறார். அச்சகத்தில் எழுத்துக் கோத்த கை. அந்த எழுத்தெல்லாம் ஈயமும் ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்து வார்த்தவை. கடைசிக் காலத்தில் வயிற்றுவலி என்று சுருண்டு கிடப்பார். மணிக்கட்டு தூக்க முடியாமல் தொங்கும். நாம் அதை நடித்துக்கூடக் காட்டியிருக்கிறோம். அவருக்கு யாரும் இரத்தம் எடுத்துச் சோதிக்கவில்லை, ஆகவே அது ஈயத்தால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஈயம் நரம்பைத் தாக்கினால் முதலில் தளர்வது மணிக்கட்டுதான் என்று படித்தபோது என் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். லலிதாவிடம் இதைச் சொல்லலாமா, நீயே சொல். எனக்குத் தெரியவில்லை.

இப்போது நீ செய்ய வேண்டியது. முதலில் ஒரு மூலையில் பெயிண்டை அடிவரைக்கும் பெயர்த்து, சில்லைச் சோதனைக்கு அனுப்பு. முடிவு வரும்வரை ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொள். பெயிண்ட் உரியாமல் கெட்டியாக இருக்கும் இடத்தைச் சுரண்டவே வேண்டாம், மேலேயே அடித்து மூடிவிடலாம். ஆனால் கதவு சட்டத்தில் உரசும் விளிம்பு திறந்து மூடும்போதெல்லாம் பொடி கொட்டும், அங்கே மூடினால் மட்டும் போதாது. சுரண்டித்தான் ஆக வேண்டும் என்றால் தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டு. மெஷின் வைத்துத் தேய்க்காதே, தீயில் காட்டி உரிக்காதே. சூட்டில் ஈயம் புகையாகி நேரே நுரையீரலுக்குப் போகும். தரையில் பிளாஸ்டிக் விரி. முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காதே, ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் எறிந்துவிடு. போட்டிருந்த உடுப்பைத் தனியாகத் துவை. வேலை நடக்கும்போது பேத்தி மட்டுமல்ல, அவள் அம்மாவும் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. புதுப் பெயிண்ட் வாங்கும்போது டப்பாவில் ஈயம் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து வாங்கு. பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்பது பல நாடுகளில் சட்டம்.

ஊதிப் பெரிதாக்குகிறேன் என்று நினைக்காதே. வண்டிகளுக்கான பெட்ரோலில் ஈயம் கலப்பதை உலகம் முழுக்க நிறுத்தவே 2021 ஆனது. ஈயத்தை அளந்து பூமியின் வயதைக் கணக்கிட்ட விஞ்ஞானி கிளேர் பேட்டர்சனுக்கு, எங்கிருந்தோ வந்து கலந்த ஈயத்தால் அளவுகள் தப்பிக்கொண்டே இருந்தன. ஆய்வகத்தையே துப்புரவாக்கி 455 கோடி வருஷம் என்று 1956-இல் வெளியிட்டார். அப்புறம் அந்த ஈயம் எங்கிருந்து வருகிறது என்று துருவிப்போய்ப் பெட்ரோல் கம்பெனிகளோடு மல்லுக்கு நின்றார். எனக்கு மல்லுக்கு நிற்க உன்னை விட்டால் ஆள் இல்லை.

மற்றபடி, சின்னவனுக்கு வேலை மாறிவிட்டது, சம்பளம் கொஞ்சம் கூட, அலுப்பும் கூட. பெரியவள் வழக்கம்போல. உன் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? அவரிடம் ஜன்னல் வேலையை ஒப்படைத்துவிடாதே, உப்புத்தாளை எடுத்துவிடுவார். பிசியோதெரபிக்கு நேரமாகிறது, முடிக்கிறேன். சோதனை முடிவு வந்ததும் எழுது. வர நாளானால் நாளாகிறது என்றாவது எழுது.

அன்புடன்,
கமலா