டேப் கொடுத்தால் மட்டும் போதாது, அது திறன் பலகையோடு சேரவும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் குடியாத்தம் வட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியை. பள்ளிகளுக்குத் திறன் பலகை (ஸ்மார்ட் போர்டு), ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி (டேப்) என்று நாளிதழ்களில் அடிக்கடி செய்தி வருகிறது. 2024இல் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசே டேப் வழங்கியது. என்னைப் போல உயர்நிலைப் பள்ளியில் இருக்கிற சிலர் சொந்தக் காசில் வாங்கி வைத்திருக்கிறோம். இதெல்லாம் மகிழ்ச்சிதான். ஆனால் வாங்குகிற இடத்தில் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். ஆசிரியர் கையில் இருக்கிற டேப்பின் படம், கேபிள் இல்லாமல், இணையமும் இல்லாமல், சுவரில் இருக்கிற பெரிய திரைக்குப் போகுமா? அதைச் சோதித்துப் பார்த்த பிறகு வாங்குங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

இது சின்ன வசதிதானே என்று தோன்றலாம். வகுப்பறையில் அது சின்னது இல்லை.

பத்தாம் வகுப்பில் 1806 வேலூர்ப் புரட்சி பாடமாக இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் பலர் வேலூர்க் கோட்டையைப் பார்த்தவர்கள், அதற்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய் வந்தவர்கள். ஆனாலும் பாடப் புத்தகத்தில் படிக்கும்போது அது ஏதோ தூர தேசத்து வரலாறு மாதிரி மனப்பாடம் ஆகிவிடும். முன்பு மடிக்கணினியை எச்.டி.எம்.ஐ. கேபிளில் புரொஜெக்டரோடு மாட்டி நடத்துவேன். கேபிள் எட்டுகிற தூரம்தான் என் நடமாட்டம். பின் வரிசைக்குப் போனால் அடுத்த படத்தை மாற்ற மறுபடி முன்னால் வர வேண்டும். பின் வரிசையில் இருக்கிறவர்களுக்கும் எனக்கும் நடுவில் எப்போதும் ஒரு வகுப்பறையே கிடக்கும்.

இப்போது டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவில் நடக்கிறேன். ஜூலை 10 அதிகாலையில் சிப்பாய்கள் எழுந்தார்கள், கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார், செய்தி போனதும் ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு விரைந்து வந்தார் என்று சொல்லிவிட்டு, வரைபடத்தைத் திரையில் விரித்து, கடைசி பெஞ்சில் இருந்த மாணவி கையில் டேப்பையும் பேனாவையும் கொடுத்தேன். "ஆற்காட்டையும் வேலூரையும் கண்டுபிடிச்சு ஒரு கோடு போடும்மா" என்றேன். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே போட்ட கோடு சுவரில் எல்லோருக்கும் தெரிந்தது. ஏறத்தாழ 25 கிலோமீட்டர். உடனே ஒரு பையன், "மேல்விஷாரம் வழியாத்தான் வந்திருப்பாங்களா டீச்சர்? எங்க சித்தி வீடு அங்கதான் இருக்கு" என்றான். இன்னொருத்தன், குதிரை ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் ஓடும் என்று கேட்டான். காலையில் எழுந்த புரட்சி அன்றைக்கே ஏன் ஒடுக்கப்பட்டது என்கிற கேள்விக்கு, நான் ஒன்றும் சொல்லாமலே அவர்கள் பாதி தூரம் வந்துவிட்டார்கள். கேபிள் காலத்திலும் இதே வரைபடத்தைத்தான் காட்டினேன். அப்போது யாரும் சித்தி வீட்டைத் தேடவில்லை.

அப்புறம் நோட்டுப் புத்தகம். தமிழ்நாடு வரைபடத்தில் ஆறுகளைக் குறிக்கச் சொன்னால் பாதிப் பேர் பாலாற்றைக் காவிரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுவார்கள். ஒரு பிள்ளையின் நோட்டை, அவளைக் கேட்டுக்கொண்டு, பெயர் தெரியாமல் டேப்பில் படம் எடுத்து அப்படியே திரையில் போடுகிறேன். சரியாகப் போட்டவர்களுடையதைத்தான் முதலில் காட்டுவேன். பிறகு எல்லோரும் சேர்ந்து ஒன்றைத் திருத்துவோம். நந்தி மலையில் பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டு, வாணியம்பாடி பக்கம் நம் மாநிலத்துக்குள் நுழைந்து, வயலூர் அருகே கடலில் சேர்கிற பாலாற்றை அவர்கள் விரலே ஒருமுறை வரைந்துவிட்டால் அப்புறம் மறக்காது. 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பிக் கௌண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்ததை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தவர்கள். அந்த ஆறு கோடையில் எப்படி வறண்டு கிடக்கிறது என்பதை மேலிருந்து எடுத்த படத்தில் பெரிதாக்கிக் காட்டினால், தங்கள் தெருவைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் படங்களை எல்லாம் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு போகிறேன், ஏனென்றால் எங்கள் பள்ளிக் கட்டடத்துக்குள் சிக்னல் ஒழுங்காக நிற்காது.

இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. கம்பியில்லாமல் படத்தை அனுப்ப ஒரே வழிதான் உண்டு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் வழிகள் பல, அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. வைஃபை அலையன்ஸ் என்ற அமைப்பு 2012இல் கொண்டுவந்த மிராகாஸ்ட் முறையில் டேப்பும் திரையும் நேருக்கு நேர் இணைந்துகொள்கின்றன. ரவுட்டர் வேண்டாம், இணையம் வேண்டாம், டேட்டா செலவும் இல்லை. கூகுளின் குரோம்காஸ்ட் முறைக்கு இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். ஆப்பிளின் ஏர்பிளே ஐபேட், ஐபோன்களுக்கானது, அவற்றில் மிராகாஸ்ட் கிடையாது. ஆண்ட்ராய்டு டேப் என்றால் மிராகாஸ்ட் நிச்சயம் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. சில கருவிகளில் அந்த வசதியே இல்லை. ஆக, டேப் ஒரு முறையையும் திறன் பலகை இன்னொரு முறையையும் பேசினால், இரண்டும் புத்தம் புதியதாக இருந்தும் பயன் இல்லை.

அணைக்கட்டு ஒன்றியத்து மலைக் கிராமப் பள்ளி ஒன்றில் என் தோழி வேலை செய்கிறாள். அங்கே போன் பேசவே பள்ளியை விட்டு மேட்டுப் பக்கம் ஏற வேண்டும். இணையம் இல்லாத ஊரில் ஸ்மார்ட் கிளாஸ் எப்படி நடக்கும் என்று கேட்கிறவர்களுக்கு அவள் வகுப்பைத்தான் காட்ட வேண்டும். ஒடுகத்தூருக்கு இறங்கும்போது பாடப் புத்தகப் பி.டி.எஃப்.களையும் காணொளிகளையும் டேப்பில் இறக்கிக்கொண்டு போவாள். அங்கே இருக்கிற டிவியில் மிராகாஸ்ட் இருப்பதால் வாரம் முழுக்க அதை வைத்தே நடத்திவிடுகிறாள். சமவெளியில் வேகமான இணைப்பு உள்ள பள்ளிகளுக்குக் கிடைக்கிற அதே திரை அந்தப் பிள்ளைகளுக்கும் கிடைக்கிறது. மலைப் பள்ளிகளுக்கு வாங்கும்போதாவது இந்த ஒன்றைக் கட்டாயமாக்க வேண்டும் என்று நான் மன்றாடிக் கேட்பதற்கு அவள்தான் காரணம்.

எதிர்ப்பக்கமும் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு நடந்த ஒரு பயிற்சியில் மண்டபம் முழுக்க வைஃபை இருந்தது, நல்ல வேகம்கூட. ஆனால் ஒரே வைஃபை வழியாகத் திரையைத் தேடிய பயிற்சியாளரின் டேப்புக்கு அது தெரியவே இல்லை. டேப் பழுது என்று முடிவு கட்டிவிட்டார்கள். உண்மைக் காரணம் வேறு. விருந்தினர்களுக்கு விடுகிற வைஃபையில், ஒருவர் கருவி இன்னொருவர் கருவியைப் பார்க்கக் கூடாது என்று பாதுகாப்புக்காகப் பிரித்து வைத்திருப்பார்கள். இணையம் வரும், பக்கத்தில் இருக்கிற திரை மட்டும் வராது. எங்களில் ஒருவர் தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, டேப்பையும் திரையையும் அதில் சேர்த்ததும் படம் வந்துவிட்டது. கூட்ட அரங்குகளுக்கு என்று தனியாக ஒரு சிறிய ரவுட்டர் வைத்துவிட்டால் இந்தப் பாடே இல்லை. சில திரைகளுக்கு அதில் இணைய இணைப்புகூடத் தேவைப்படாது.

கேபிளை அடியோடு தூக்கிப் போடச் சொல்லவில்லை. கைவசம் ஒன்று இருக்கட்டும். ஆனால் டைப்-சி துளை இருந்துவிட்டால் படம் வெளியே போய்விடும் என்று நம்பி அடாப்டர் வாங்காதீர்கள். விலை குறைந்த பல டேப்களில் அந்தத் துளை சார்ஜ் செய்யவும் கோப்பு மாற்றவும் மட்டும்தான். படத்தை அனுப்பும் வசதி உள்ளதா என்று கடையிலேயே ஒரு டிவியில் மாட்டிப் பார்த்துவிட வேண்டும்.

பள்ளிகளில் இன்னொரு தொல்லை, எல்லாத் திரைக்கும் ஒரே பெயர். நாங்கள் ஒவ்வொன்றுக்கும் 9-அ, 10-ஆ என்று பெயர் மாற்றி, இணைக்கும்போது ரகசிய எண் (PIN) கேட்கும்படி வைத்துக்கொண்டோம். இல்லாவிட்டால் பக்கத்து வகுப்பின் கணக்குப் பாடம் நம் சுவரில் வந்து நிற்கும். டேப்பின் முழுத் திரையும் பிள்ளைகள் முன்னால் தெரிகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வங்கியின் ஓ.டி.பி., குடும்பக் குழுவின் செய்தி எல்லாம் மேலே பளிச்சிடும். வகுப்புக்குள் நுழையும் முன் 'தொந்தரவு செய்யாதே' பொத்தானை அழுத்துவது, சாக்பீஸ் எடுப்பது மாதிரி பழக்கமாகிவிட வேண்டும்.

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை வகுப்பில் சார்ஜ் போட்டுக்கொண்டே படத்தையும் அனுப்பினால் டேப் சூடேறித் திணறும். முதல் நாள் இரவே சார்ஜ் ஏற்றிக்கொண்டு போய், டேப்பின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டால் (பிள்ளைகள் பார்ப்பது பெரிய திரையைத்தானே) மாலை வரை தாங்கும்.

வகுப்புக்கு வெளியே எனக்கு டேப் என்னவெல்லாம் செய்கிறது என்றால், மாதத் தேர்வு மதிப்பெண், வருகைப் பதிவு, சுற்றறிக்கை படிப்பது, விடைத்தாளை ஸ்கேன் செய்து பெற்றோருக்குக் காட்டுவது, பேருந்தில் அடுத்த நாள் பாடக் குறிப்பைத் தமிழில் குரல் மூலம் சொல்லி எழுதுவது. மேலே பாடப் புத்தகம், கீழே குறிப்பு என்று திரையைப் பிரித்துக்கொள்கிறேன். தலைமையாசிரியர் அறைக் கணினிக்கு வரிசையில் நின்ற நாட்கள் போய்விட்டன.

ஆனால் எழுத்துரு விஷயம் இன்னும் தீரவில்லை. மூத்த ஆசிரியர்கள் பல வருடம் உழைத்துத் தயாரித்த நல்ல பி.பி.டி.கள் (பவர்பாயின்ட் கோப்புகள்) பாமினி, வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் இருக்கின்றன. டேப்பில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பையாகத் தெரிகிறது. 2010இலேயே தமிழ்நாடு அரசு, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடைத் தர முறையாக ஏற்றுக்கொண்டுவிட்டது. இருந்தும் பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் இன்றும் எங்கள் குழுக்களில் சுற்றுகின்றன. உடனடி வழி, அந்த எழுத்துரு இருக்கிற கணினியிலேயே பி.டி.எஃப். ஆக்கி எடுத்துக்கொள்வது. நிலையான வழி, யூனிகோடுக்கு மாற்றி மாவட்ட அளவில் ஓரிடத்தில் சேர்த்து வைப்பது. ஓய்வு பெறப் போகிற ஒரு புவியியல் ஆசிரியரின் படத் தொகுப்பு எழுத்துருவால் வீணாகிப் போவதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். டேப் கைக்கு வந்த தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் பேசினால், அதில் பெரும்பாலும் பதிவேற்றம்தான் நடக்கிறது என்கிறார்கள். வருகை, மதிப்பீடு, நலத்திட்ட விவரம், புகைப்படம். இந்தப் பதிவுகள் தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பாட வேளையில் ஆசிரியர் தலை குனிந்து எண்களைத் தட்டிக்கொண்டிருந்தால், அந்த டேப் பிள்ளைகளுக்காக வந்ததாக எப்படிச் சொல்வது? பதிவேற்றத்தைப் பாட வேளைக்கு வெளியே வைக்கும்படி ஒரு சுற்றறிக்கை போட்டாலே பாதி மாறிவிடும்.

பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றிலும் தனித்தனியாகக் கல்வி அலுவலகங்கள் இயங்குகின்றன. அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை திறன் பலகையோ டிவியோ டேப்போ வாங்கும் விவரக் குறிப்பில், இணையம் இல்லாமல் மிராகாஸ்ட் முறையில் இணைய வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். ஏற்கனவே வாங்கிய திரைகளில் அது இல்லையென்றால், எச்.டி.எம்.ஐ. துளையில் செருகுகிற சிறிய டாங்கிள் போதும், பலகையின் விலையோடு பார்த்தால் அது பெரிய தொகையே இல்லை. கருவியை எடுத்துக்கொள்ளும் அன்று, வழங்குகிறவர் முன்னிலையில் பள்ளியிலேயே ஓர் ஆசிரியர் தன் டேப்பை இணைத்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுகூடும் குறுவள மையக் கூட்டங்களில் அரை நாள் இதற்கு ஒதுக்கினால், தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நாங்களே தயாராக இருக்கிறோம். எங்கள் ஒன்றியத்தில் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சமூக அறிவியல் ஆசிரியை,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.