மாத்திரைச் சீட்டில் எடைக்கும் ஓர் இடம் வேண்டும்

மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் வணக்கம்.

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ள மகனுக்காக மாதம் ஒருமுறை அம்மா வந்து மருந்துச் சீட்டை நீட்டுகிறார். "இப்ப குரல் கேக்கறதில்லைங்க, நல்லா தூங்குறான்" என்கிறார். அதே மருந்து, இன்னும் முப்பது நாளைக்கு. மகன் வீட்டிலேயே இருப்பதால் அவர் எடை என்ன, இடுப்பு என்ன என்று எந்தத் தாளிலும் இல்லை. மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள். அதற்குப் பெரிய காரணம் இதய நோய்.

மனச்சிதைவுக்குத் தரும் மருந்துகளே எடையைக் கூட்டுகின்றன. அதிகம் ஏற்றுபவை ஓலன்சபினும் க்ளோசபினும். ரிஸ்பெரிடோனும் க்வெட்டியபினும் அடுத்த நிலை; அரிப்பிப்ரசோலில் குறைவு. மூளையின் ஹிஸ்டமின், செரோடோனின் ஏற்பிகளை இவை அடைப்பதால் எவ்வளவு சாப்பிட்டாலும் வயிறு நிறைந்ததாகத் தோன்றாது. நடுராத்திரியில் சோற்றுப் பானையைத் திறப்பவரை "வாயைக் கட்டு" என்று திட்டுவது அநியாயம். அது மருந்து தரும் பசி என்று வீட்டாருக்கு யாராவது சொல்லியாக வேண்டும். இந்த மருந்துகளால் வரும் நடுக்கம், விறைப்பு குறையக் கூடவே தரப்படும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் வாயை உலர்த்தும். உடனே கலர், டீ. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் ஆறு டீயில் சுமார் 50 கிராம். தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுங்கள்.

முதல் மாத்திரைக்கு முன்பே எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பதிவாக வேண்டும். எடையை 4, 8, 12ஆம் வாரங்களில் பாருங்கள்; வேகமாக ஏறுவது அப்போதுதான். 12ஆம் வாரம் ரத்த அழுத்தமும் ரத்தப் பரிசோதனையும் மறுபடி, பிறகு ஆண்டுதோறும்.

இடுப்பளவில்தான் அதிகம் தவறு நடக்கிறது. நம் ஆட்கள் வேட்டியைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுவார்கள். அந்தக் கட்டின் மேல் டேப்பைச் சுற்றினால் தொப்பை கணக்கிலேயே வராது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, துணியை விலக்கி, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டினாலே எச்சரிக்கை.

வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறோம். கிராமத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருபவர் வழியில் டீ குடித்திருப்பார். அவரைத் திருப்பி அனுப்பினால் மறுபடி வருவது சந்தேகம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையை எடுத்துவிடுங்கள், அதற்குப் பட்டினி தேவையில்லை. ரத்தசோகை இருந்தால் மட்டும் அதன் முடிவை அப்படியே நம்பக் கூடாது.

60 கிலோ இருந்தவர் 63 ஆனாலே, அதாவது 5 சதவீதம் கூடினாலே, காத்திருக்காதீர்கள். மருந்தை மாற்ற முடியுமா என்று பாருங்கள். க்ளோசபினைப் பெரும்பாலும் மாற்ற முடியாது. மற்றவை பலிக்காததால் கொடுத்தது அது. அங்கே சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை உதவும். சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்துவிட்டு, 500 மி.கி. சாப்பாட்டோடு தொடங்கி, வயிறு தாங்கும் வேகத்தில் நாளைக்கு 1500 முதல் 2000 வரை கூட்டலாம். குண்டாகிறோம் என்று மாத்திரையைத் தாமாகவே நிறுத்துபவர்கள் பலர், நோய் திரும்பிவிடும். எடையைப் பற்றி முதலில் நீங்களே பேசினால் அவர்கள் ஒளிக்க மாட்டார்கள்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 21ஆம் பிரிவு உடல்நோய்க்கு இணையான சிகிச்சையை உரிமையாகவே சொல்கிறது. 2021 முதல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடிப் போகிறது. அம்மா அடுத்த முறை தனியாக வந்தால், மகனின் பெயரை அந்த ஊர்ச் செவிலியரிடம் கொடுங்கள். எடை மெஷினும் டேப்பும் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மனநலப் பராமரிப்பில் பணியாற்றுவோர்