தாண்டிப் போன அப்பத் தட்டு

கர்த்தருக்குள் அன்பான போதகர் ஐயாவுக்கும் சபை மூப்பர்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

போன மாதம் முதல் ஞாயிறு, ஆண்டவரை நினைத்து அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்தில் நடந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில், கல்யாணமாகி நான்கு மாதமே ஆன ஒரு பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்பத் தட்டு வந்தது. நான் எடுத்தேன். அவள் கையை நீட்டினாள், தட்டு அவளைத் தாண்டி அடுத்தவரிடம் போய்விட்டது. காரணம், காதில் கடுகளவு கம்மல். நம் சபையில்தான் நகைக்குத் தடையாயிற்றே. ஆராதனை முடிந்ததும், "அதைக் கழற்றிட்டு வாம்மா, அப்புறம் பார்க்கலாம்" என்று சொன்னீர்களாம். யாரும் அதட்டவில்லை, எல்லாம் சாந்தமாகத்தான் நடந்தது. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

அவளுடைய அம்மா வீட்டில் யாரும் சபைக்கு வருகிறவர்கள் அல்ல. மகள் ஞானஸ்நானம் எடுத்ததில் அம்மாவுக்கு மனவருத்தம். அப்படியும் கல்யாணத்துக்கு முந்தின வாரம் அடகுக் கடையிலிருந்து அந்தக் கம்மலை மீட்டுக் கொண்டுவந்து, தன் கையாலேயே மகள் காதில் போட்டுவிட்டிருக்கிறார். மீட்பு, மீட்பர் என்று வாரம் தவறாமல் பாடுகிற நாம் அதைக் கழற்றச் சொல்லியிருக்கிறோம்.

நகைக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. நானும் போடுவதில்லை. என் ஆச்சி பாம்படம் போட்டவள், காது தோளைத் தொடும். விசுவாசத்துக்கு வந்த புதிதில் ஒருநாள் இரண்டையும் கழற்றித் துணியில் முடிந்து, ஆலயம் கட்டுகிற செலவுக்குக் கொடுத்துவிட்டாள். யாரும் கேட்கவில்லை. ஏன் ஆச்சி என்று நான் கேட்டதற்கு, "கனமா இருந்துச்சு, இறக்கி வச்சேன்" என்றாள். அதற்குமேல் அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை. நகை போட்டு வருகிற பெண்களை ஒரு பார்வை பார்த்ததும் இல்லை. கிருபை வந்தபிறகு தானாகக் கழன்ற நகை அது. அதையே நாம் வாசலில் சட்டமாக நட்டு, கழற்றினால்தான் உள்ளே என்கிறோம். வரிசை தலைகீழாகிவிட்டது, ஐயா.

தம்மைப் பார்க்க மரத்தில் ஏறியிருந்த வரிவசூல்காரன் சகேயுவிடம் இயேசு, "அநியாயமாய் வாங்கியதைத் திருப்பிக் கொடு, பிறகு உன் வீட்டுக்கு வருகிறேன்" என்று சொல்லவில்லை. முதலில் மரத்திலிருந்து இறங்கச் சொன்னார், இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்றார். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாகத் திரும்ப என்பதெல்லாம் அதற்குப் பிறகு சகேயுவே சொன்னது.

அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், புசிக்கக்கூடாதே என்பீர்கள். அந்த வசனம் கொரிந்து சபைக்குப் பவுல் அப்போஸ்தலர் எழுதிய கடிதத்தில், 1 கொரிந்தியர் 11-ல் இருக்கிறது. தயவுசெய்து கொஞ்சம் மேலே போய் 21-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். கொரிந்து சபையில் இருக்கப்பட்டவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு கிடந்தார்கள். ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் குடித்து வெறித்திருந்தான். பவுல் கொதித்தது அதற்குத்தான். பந்தியில் பக்கத்தில் இருப்பவரை வெட்கப்படுத்துவதைக் கண்டித்து எழுதிய அதிகாரத்தை வைத்தே நாம் ஒருத்தியை வெட்கப்படுத்தியிருக்கிறோம். 28-ஆம் வசனமும் "தன்னைத்தானே சோதித்தறிந்து" என்றுதான் சொல்கிறது. மூப்பர் சோதிக்க வேண்டும் என்று அங்கே இல்லை.

அந்தியோகியாவில் நடந்ததும் பந்திச் சண்டைதான். யூதரல்லாத புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். பவுல் எல்லார் முன்பாகவும் முகத்துக்கு முகம் எதிர்த்தார். இத்தனைக்கும் பேதுருவின் உபதேசத்தில் ஒரு பிழையும் இல்லை. இலையை விட்டு எழுந்துபோனார், அவ்வளவுதான். சுவிசேஷத்துக்கே அது கேடு என்று பவுலுக்குப் பட்டது.

பொன் நகை அலங்காரமாக இருக்க வேண்டாம் என்கிற 1 பேதுரு 3-ஐ நீங்கள் காட்டுவீர்கள் என்று தெரியும். அதே வசனத்தில் மயிரைப் பின்னுவதும் உயர்ந்த வஸ்திரமும் பொன்னோடு சேர்ந்தே வருகின்றன. இதுவரை யாருடைய சடையையும் நாம் அவிழ்க்கச் சொன்னதில்லை. பட்டுப்புடவைக்கும் திருவிருந்து நின்றதில்லை.

சின்ன வயதில் மத்தேயு 23-ஐ மனப்பாடம் செய்தபோது 'ஒற்தலாம்' என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது, ஓய்வுநாள் பள்ளி டீச்சருக்கும் தெரியாது. புதினா என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. புதினாவிலும் சீரகத்திலும் பத்தில் ஒரு பங்கை எண்ணி வைத்துவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்கள் என்று சட்டத்தில் கறாராக இருந்த பரிசேயரைப் பார்த்து ஆண்டவர் சொன்னது அது. நம் சபையில் நகைக்குத் தடை என்பதால் வரதட்சணை ரொக்கமாகவும் காராகவும் கைமாறுகிறது. அதை வாங்கியவர்களுக்கு ஒரு ஞாயிறாவது அப்பம் நின்றிருக்கிறதா? சாதி பார்த்து வரன் தேடுகிறவர்களுக்கு? நானே இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வாய்மூடி இருந்தவள்தான். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் சபை கெட்டுவிடும் என்ற உங்கள் பயம் புரிகிறது. பவுலிடமும் அப்படித்தான் கேட்டார்கள். கிருபை பெருகும்படிப் பாவத்தில் நிலைநிற்கலாமா? கூடாதே என்றார் அவர். ஆனால் அந்தப் பயத்துக்காகக் கிருபையைப் பாதியாகக் குறைத்து யாருக்கும் அவர் கொடுக்கவில்லை.

அந்தப் பிள்ளையிடம் பேசினேன். வருகிற முதல் ஞாயிறு வருவாள். கம்மலோடு வருவாளா, இல்லாமல் வருவாளா என்று நான் கேட்கவில்லை. அவள் பக்கத்தில்தான் உட்காருவேன். தட்டு மறுபடியும் அவளைத் தாண்டிப் போனால், நானும் எடுக்கமாட்டேன்.

கிறிஸ்துவுக்குள்,
மூன்றாவது வரிசையில் உட்காரும் உங்கள் சகோதரி