பாதியில் நின்ற கேசட்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலை. சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதாதது என் தப்புதான். திட்ட வேண்டுமானால் இதைப் படித்து முடித்துவிட்டுத் திட்டு.

வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது, விடுதியில் நீ எனக்குப் பதிந்து கொடுத்த கேசட் கிடைத்தது. முதுகில் உன் கோழிக்கிறுக்கலில் அந்த அமெரிக்க ராப் பாட்டின் பெயர், 'கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் – தி மெசேஜ்'. 'மாஸ்டர்' என்பதில் 'ஸ்' விட்டுப்போய், மேலே கூரை போட்டுச் செருகியிருக்கிறாய். நாடா ஒட்டிக்கொண்டுவிட்டது. அக்கா மகன் தன் செல்போனில் பாட்டைத் தேடிப் போட்டுக் கொடுத்தான்.

உன் கேசட்டில் அந்தப் பாட்டு முடியாது, நினைவிருக்கிறதா? பையன் சிறையறையில் தூக்கில் தொங்கும் இடத்தில் நாடா தீர்ந்துவிடும். பாட்டே அவ்வளவுதான் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அதற்குப் பிறகும் இருக்கிறது சேகர். நண்பர்கள் தெருமுனையில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். போலீஸ் வண்டி வருகிறது. காரணம் கேட்கக்கூட விடாமல் எல்லாரையும் அள்ளிக்கொண்டு போகிறது.

நீ பெயர் எழுதிய ஃப்ளாஷ், இசைத்தட்டு சுழற்றும் டி.ஜே., அந்தக் கடைசித் துண்டில்தான் வருகிறார். ஏழு நிமிடப் பாட்டில் வேறெங்கும் அவர் கைவண்ணம் இல்லை. இது தெரிந்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

எழுதியவர் எட் ஃப்ளெட்சர். டியூக் பூட்டி என்று பெயர் வைத்துக்கொண்டவர். நியூ ஜெர்சியில் ஷுகர் ஹில் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனியில் தாளம் வாசிக்கும் வேலை. எலிசபெத் நகரத்தில் அம்மா வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். வரிகள் இப்படி: எங்கே பார்த்தாலும் உடைந்த கண்ணாடி, படிக்கட்டில் மூத்திர நாற்றம், எலிகள், கரப்பான்கள், வீடு மாறப் பணம் இல்லை. விளிம்பில் நிற்கிறேன், தள்ளாதே என்று ஒருவன் கெஞ்சுகிறான். அந்தக் கெஞ்சலுக்குள் மிரட்டலும் இருக்கிறது. கம்பெனி முதலாளி அம்மாள் சில்வியா ராபின்சன் உடனே பிடித்துக்கொண்டார். ஃப்ளாஷும் அவர் குழுவும் வேண்டாம் என்றார்கள். அவர்கள் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதித் தெருக்களில் ஜனங்களை ஆட வைத்துப் பேர் வாங்கியவர்கள். ஆட வந்தவனிடம் அவன் வீட்டுக் கஷ்டத்தையே பாடுவதா என்ற தயக்கம். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கடைசியில் குழுவில் மெல்லி மெல் மட்டும் பாட வந்தார். 1979-இல் வேறொரு பாட்டில் தாம் பாடிய வரிகளையே, பிறந்த குழந்தை சிறையில் போய் முடியும் அந்தக் கதையை, இதில் கடைசிச் சரணமாக வைத்தார். மற்ற சரணங்களில் ஃப்ளெட்சரின் குரலும் இருக்கிறது. ஆனால் வீடியோவில் அந்தக் குரலுக்கு வாயசைப்பவர் குழுவைச் சேர்ந்த ரஹீம்! இசைத்தட்டில் ஃப்ளாஷ் பெயர் முதலில், டியூக் பூட்டி பெயர் கடைசியில்.

ஃப்ளாஷைக் குறைத்துச் சொல்லவில்லை. இசைத்தட்டில் மெழுகுக் குச்சியால் கோடு போட்டுக் குறித்துக்கொண்டு, இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றித் திருப்பி ஒரே தாளத்தை அறுபடாமல் ஓட விட்டவர் அவர். அது பெரிய வித்தை. இந்தப் பாட்டில் அந்த வித்தைக்கு இடமில்லை, அவ்வளவுதான். 1982-இல் பாட்டு வெளிவந்தது, மறு வருடமே அவர் கம்பெனி மேல் வழக்குப் போட்டார், குழு உடைந்தது. 2002-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காப்பாற்ற வேண்டிய ஒலிப்பதிவுகள் என்று முதல்முறையாக ஐம்பதைத் தேர்ந்தெடுத்தபோது, அதில் இருந்த ஒரே ஹிப்-ஹாப் பாட்டு இது. தன் பெருமையைப் பேசிக்கொண்டிருந்த ராப்பைத் தெருவின் கதையைப் பேச வைத்ததில் இதற்கு ஈடாக வேறு பாட்டை என்னால் சொல்ல முடியவில்லை.

ஃப்ளெட்சர் பிறகு ஆசிரியராகிவிட்டார். ஜார்ஜியாவில் சவானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 2021 ஜனவரியில் காலமானார். அவர் பெயரை நான் முதன்முதலாகக் கேள்விப்பட்டதே போன வாரம்தான்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. நம் ஒட்டடைக்குச்சி நினைவுக்கு வந்தான். கல்லூரி விழாப் பாட்டை மெஸ் பில்லின் பின்பக்கத்தில் அவன் எழுதியதை நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். விழா மலரில் வேறொருவர் பெயரில் அச்சானது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. நாமும் ஒரு வார்த்தை பேசவில்லை சேகர். மேடைக்குக் கீழே நின்று கைதட்டினோம்.

அந்த மலர் உன்னிடம் இருக்கும், நீ ஒரு காகிதத்தையும் தூக்கிப்போட மாட்டாய். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. அவனுடைய இப்போதைய எண் தெரிந்தால் அதையும் சேர்த்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூப்பிட்டுப் பேசப் போகிறேன்.

அன்புடன்,
மூர்த்தி