கிலோவும் லிட்டரும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர், காட்பாடி, குடியாத்தம் பகுதிகளில் மரச்செக்கு எண்ணெய்க் கடைகள் பெருகி வருவதையும், வட ஆற்காட்டு மானாவாரி நிலங்களில் விளையும் மல்லாட்டை (நிலக்கடலை) நம் கண்ணெதிரே ஆட்டப்பட்டு வீட்டுக்கு வருவதையும் மனமார வரவேற்கிறேன். ஆனால் இக்கடைகள் சிலவற்றில் விலைப்பலகையில் கிலோ விலை எழுதப்பட்டிருக்க, எண்ணெயோ லிட்டர் பாட்டிலில் ஊற்றித் தரப்படுகிறது. கேட்டால், இரண்டும் ஒன்றுதானே என்கிறார்கள். இதில் ஏமாற்றும் எண்ணம் இருப்பதாக நான் கருதவில்லை. வாங்குபவர்களும் அப்படித்தான் நம்புகிறார்கள். என்றாலும், இழப்பு இழப்புதான்.

கிலோ என்பது நிறையின் அளவு. லிட்டர் என்பது பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தின், அதாவது பருமனின் அளவு. நிறையைப் பருமனால் வகுத்தால் கிடைப்பது அடர்த்தி. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் கிலோகிராம் வரையறுக்கப்பட்டபோது ஒரு லிட்டர் தண்ணீரின் நிறையே அதற்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்டதால், தண்ணீருக்கு மட்டும் இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றாக அமைந்துவிட்டன. கடலை எண்ணெய்க்கு அப்படியில்லை. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும். கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்த விலைக்கு ஒரு லிட்டர் வாங்குபவர் ஒவ்வொரு முறையும் 27 ரூபாய் மதிப்புள்ள எண்ணெயை இழக்கிறார். மாதம் நான்கைந்து லிட்டர் செலவாகும் குடும்பத்துக்கு இது சிறு தொகையன்று.

எண்ணெய் கெட்டியாக இருக்கிறதே, தண்ணீரைவிட எடை கூடத்தானே இருக்கும் என்று பலர் கேட்கிறார்கள். கெட்டித்தன்மை வேறு, அடர்த்தி வேறு. விளக்கெண்ணெய் எவ்வளவு கெட்டியாக வடிந்தாலும் தண்ணீரின் மேல்தான் மிதக்கும். அதேபோல், அதிகமாக வாங்கினால் கணக்கு மாறிவிடும் என்பதும் சரியல்ல. ஒரு கரண்டி எண்ணெயானாலும் ஒரு டின் எண்ணெயானாலும், நிறையும் பருமனும் சேர்ந்தே கூடுவதால் அவற்றின் விகிதம் மாறுவதில்லை. 15 கிலோ டின்னில் ஏறத்தாழ 16.5 லிட்டர் எண்ணெய் இருப்பது, டின் கணக்கில் கொள்முதல் செய்யும் வியாபாரிகளுக்குப் பழக்கமான செய்தி.

தேனில் நிலைமை தலைகீழ். ஜவ்வாது மலைத் தேனை ஒரு கிலோ வாங்கி லிட்டர் பாட்டிலில் ஊற்றினால், பாட்டில் நிறையாமல் முக்கால் பங்குக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடும். ஒரு லிட்டர் தேன் சுமார் 1.4 கிலோ எடையுள்ளது என்பதே காரணம். இதை அறியாமல், குறைத்துவிட்டார்கள் என்று மலைமக்களிடம் சண்டையிடுவது வருத்தத்துக்குரியது. அவர்கள் கொடுத்த அளவு சரியானதே.

வெப்பமும் இக்கணக்கில் குறுக்கிடுகிறது. சூடேறும்போது எண்ணெய் விரிகிறது. அதே லிட்டருக்குள் அடங்கும் நிறை குறைகிறது. ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரி செல்சியசில் 919.1 கிராமும் 60 டிகிரியில் 892.6 கிராமும் இருக்கும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் எடுத்துக்காட்டி, உறையின் மீது வெப்பநிலையைக் குறிப்பிடாமல் நிகர அளவை அச்சிடுமாறு எண்ணெய் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. வேலூர் வெயிலில் லிட்டரை நம்புவதைவிட எடையை நம்புவதே நியாயம்.

எனவே செக்குக் கடைகள் கிலோ விலையையும் லிட்டர் விலையையும் தனித்தனியே எழுதி வைக்க வேண்டும். கிலோ விலை வாங்கினால், காலி பாட்டிலை எடைக்கருவியில் வைத்துப் பூஜ்யமாக்கிய பிறகே எண்ணெயை ஊற்ற வேண்டும். எடையளவுச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் தொழிலாளர் துறை அதிகாரிகள் முதலில் அபராதம் விதிக்காமல் கடைக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொன்னால் நன்று. ஏழாம் வகுப்பில் அடர்த்தி பாடம் நடத்தும் ஆசிரியர்களும், சூத்திரத்தை எழுத வைப்பதோடு நில்லாமல், ஒரே அளவு பாட்டில்களில் தண்ணீர், கடலை எண்ணெய், தேன் மூன்றையும் நிரப்பி மாணவர்களையே நிறுத்துப் பார்க்கச் செய்ய வேண்டுகிறேன். அந்தப் பிள்ளைகள்தாம் பெரும்பாலும் கடைக்குப் பாட்டிலை எடுத்துச் செல்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காட்பாடி.