நம்ம சங்கத்தோட ஆண்டறிக்கை, 2024 அக்டோபர் – 2025 செப்டம்பர்

எல்லாருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில குழந்தைங்க டே கேர், வீட்டு டே கேர், பெரியவங்க டே கேர் நடத்துற நம்ம தமிழ் ஆளுங்க சங்கத்தோட இந்த வருஷத்து அறிக்கைய பொதுக்குழு முன்னாடி வைக்கிறேன். வாட்ஸ்அப் குரூப்லயும் போடுறேன், இன்னைக்கு வராத உறுப்பினர்கள் தயவுசெஞ்சு முழுசா படிக்கணும், முக்கியமா கடைசிப் பகுதி.

மாதக் கூட்டங்கள் தவறாம நடந்துச்சு. பொங்கல் ஒன்றுகூடல் நடந்துச்சு. சிவில் ரைட்ஸ் ட்ரெய்னிங் வருஷா வருஷம் எடுக்கணும்ங்கிறதால எல்லா சென்டர் ஸ்டாஃபும் சேர்ந்து எடுத்தோம். சிபிஆர் வகுப்பு நடந்துச்சு. புதுசா சில பேர் சேர்ந்திருக்காங்க, பெரும்பாலும் வீட்டுலயே குழந்தைகளப் பாத்துக்கிறவங்க, அவங்கள வரவேற்கிறோம்.

புதுசா வந்தவங்களுக்காக ரெண்டு வார்த்தை. சிஏசிஎஃப்பிங்கிறது டே கேர்ல போடுற சாப்பாட்டுக்குப் பணம் குடுக்கிற திட்டம், அமெரிக்க விவசாயத் துறை யூஎஸ்டிஏ பணம், நம்ம மாநிலத்துல மாநில விவசாயத் துறை வழியா வருது. 1968ல குழந்தைங்களுக்குன்னு சின்ன அளவுல ஆரம்பிச்சது, 1987ல பெரியவங்க டே கேரையும் சேர்த்தாங்க, 60 வயசு ஆனவங்க இல்லன்னா உடம்பு முடியாத பெரியவங்க இதுல வருவாங்க, 1989ல இருந்துதான் இப்ப இருக்கிற பேரு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு சாப்பாடு ஒரு ஸ்நாக், இல்லன்னா ஒரு சாப்பாடு ரெண்டு ஸ்நாக், அவ்வளவுக்குத்தான் பணம். முதல்ல நாம செலவு பண்ணி போடணும், மாசம் முடிஞ்சு 60 நாளுக்குள்ள க்ளெய்ம், அதாவது பணம் கேக்குற கணக்கு, போகணும், அப்புறம்தான் பணம் வரும். லாபத்துக்கு நடத்துற குழந்தைங்க சென்டரா இருந்தா ஃப்ரீ, ரெட்யூஸ்டு தகுதி உள்ளவங்க, அதாவது வருமானம் குறைஞ்ச வீட்டுப் பிள்ளைங்க, 25 சதவீதமாவது அந்த மாசம் இருக்கணும், இல்லன்னா அந்த மாசத்துக்கு க்ளெய்மே கிடையாது. இதெல்லாம் தெரியாம சேர்ந்துட்டு ரெண்டே மாசத்துல விட்டுட்டுப் போனவங்க உண்டு, அதனாலதான் சொல்றேன்.

இனி இந்த வருஷத்தோட பெரிய வேலைக்கு வர்றேன், ரெசிபி ஃபைல், அதாவது நம்ம சாப்பாட்ட இந்தத் திட்டத்தோட கணக்குல வர்ற மாதிரி அளந்து எழுதி வச்சது.

சில பேர் கேட்டீங்க, செயலாளர் வருஷம் பூரா ரெசிபி ரெசிபின்னே இருக்காரு, பிக்னிக் ஒண்ணும் நடத்தலயேன்னு. அதுக்கு பதில் சொல்லணும். போன குளிர்காலத்துல நம்ம உறுப்பினர் ஒருத்தரோட பெரியவங்க சென்டருக்கு மதிய சாப்பாட்டு நேரத்துல திட்டத்து அதிகாரிங்க சொல்லாம ரிவ்யூவுக்கு, அதாவது சோதனைக்கு, வந்தாங்க. அன்னைக்கு சாதம், சாம்பார், பொரியல், பழம், பால். பாக்க நிறைவான சாப்பாடு. வந்தவங்க கேட்டது ஒரே கேள்வி, இதுல மீட் ஆல்டர்னேட், அதாவது கறிக்குப் பதிலா கணக்குல வர்றது, எது? பருப்புன்னு சொன்னாங்க. ஒரு ஆளுக்கு எவ்வளவு பருப்புன்னு கேட்டாங்க, சமையல்காரம்மா கண்ணளவுன்னு சொன்னாங்க. ரெசிபி எழுத்துல இல்ல. அந்த வேளை சாப்பாடு மொத்தமும் க்ளெய்ம்ல இருந்து கழிஞ்சு போச்சு. நாப்பது வருஷமா சமைக்கிற அம்மா அழுதுட்டாங்க, அவங்க சமையல்ல ஒரு குறையும் இல்ல, குறை இருந்தது பேப்பர்லதான்.

நான் மறுவாரம் அந்த கிச்சனுக்குப் போனேன். அதே சாம்பார் அதே கரண்டி, ஒரு ஆளுக்கு ஊத்துற அளவ வடிகட்டியில ஊத்தி கீழ தங்குன பருப்ப கால் கப் அளவுக் கப்புல எடுத்துப் போட்டோம். கால் கப் கூட நிறையல. பெரியவங்க மதிய சாப்பாட்டுக்கு வேணும்னு சொல்றது 2 அவுன்ஸ் அளவு, வெந்த பருப்புல அது அரை கப். சாம்பார்ல பாதிக்கு மேல தண்ணி, புளி. அப்புறம் அதே அம்மாவ சௌசௌ கூட்டு வைக்கச் சொன்னோம், கெட்டியா, பருப்பையும் காயையும் தனித்தனியா அளந்து. ஒரு கப் கூட்டுல அரை கப் பருப்பு, அரை கப் காய் வந்துருச்சு, ரெண்டும் கணக்குல நிக்குது. ஆனா ஒரே பருப்ப மீட் ஆல்டர்னேட்டாவும் காயாவும் ஒரே வேளையில ரெண்டு தடவ காட்டக் கூடாது, அது ஃபைல்ல முதல் பக்கத்துலயே பெருசா போட்டிருக்கேன்.

அன்னைக்கு ஆரம்பிச்ச வேலைதான் இது. 3ல இருந்து 5 வயசுக் குழந்தைக்கு வேற அளவு, பெரியவங்களுக்கு வேற அளவு. குழந்தைக்கு மதியம் பருப்பு எட்டுல மூணு பங்கு கப், காய் கால் கப், பழம் கால் கப், வெந்த சாதம் கால் கப், பால் 6 அவுன்ஸ். பெரியவங்களுக்கு சாதம் ஒரு கப், பால் 8 அவுன்ஸ். பழம் வைக்க முடியாத அன்னைக்கு அதுக்குப் பதிலா இன்னொரு வகை காய் வைக்கலாம், அதனால கூட்டும் பொரியலும் வச்சா மதிய சாப்பாடு சரியாப் போயிடும். நம்ம சாப்பாட்ட விட்டுட்டு பாஸ்தாவுக்கும் சிக்கன் நக்கெட்டுக்கும் போகணும்னு யாரும் சொல்லல, அளந்து எழுதணும்னு மட்டும்தான் சொல்றாங்க.

அரிசி விஷயத்துல ரொம்ப பேர் மாட்டுறாங்க. வெள்ளை அரிசின்னா பை மேல என்ரிச்டுன்னு, அதாவது சத்து சேர்த்ததுன்னு, போட்டிருக்கணும். நாம இந்தியக் கடையில வாங்குற பொன்னி, சோனா மசூரி பைல நிறைய அப்படி இருக்காது, அது எவ்வளவு நல்ல அரிசியா இருந்தாலும் சரி, கணக்குல வராது. இல்லன்னா ப்ரவுன் ரைஸ் போடுங்க, தினமும் ஒரு வேளையாவது முழுதானியம் இருக்கணும்ங்கிற விதியும் அதுலயே தீரும். அதுக்கு கேழ்வரகு தோசை, கோதுமைச் சப்பாத்தியும் ஃபைல்ல இருக்கு. பூரி இல்ல, வடை இல்ல, அப்பளம் இல்ல. சென்டர்ல எண்ணெயில பொரிச்சு எடுக்கிறதுக்கு 2017 அக்டோபர்ல வந்த புது விதியிலயே அனுமதி இல்ல. அதே மாதிரி குக்கீ, கேக் எல்லாம் தானியக் கணக்குல சேராது. ஸ்நாக்குக்கு சுண்டலும் பழமும் வச்சா போதும், கால் கப் கொண்டைக்கடலை 1 அவுன்ஸ், பெரியவங்க ஸ்நாக்குக்கு அது சரியா இருக்கும், சின்னக் குழந்தைங்களுக்கு மசிச்சுக் குடுங்க.

தயிர் பத்தி தனியா சொல்லணும். பெரியவங்க சென்டர்ல மதியம் சாதத்தோட பால் பாக்கெட் வைக்கிறது எனக்கு மனசே ஆறாது. யார் குடிக்கிறாங்க? எல்லாம் திறக்காமயே குப்பைக்குப் போகுது. விதியில பெரியவங்களுக்கு மட்டும் ஒரு நாளைக்கு ஒரு தடவ 8 அவுன்ஸ் பாலுக்குப் பதிலா 6 அவுன்ஸ் தயிர் குடுக்கலாம்னு தெளிவா இருக்கு. பல சென்டர்ல இது தெரியவே இல்ல. மார்ச் மாசத்துல இருந்து மூணு சென்டர் மாத்துனாங்க, தாத்தா பாட்டிங்க எல்லாரும் கடைசியில தயிர்சாதம் பிசைஞ்சு சாப்பிடுறாங்க, தட்டு காலியாகுது. ஒரே விஷயம், கடையில வாங்குன தயிரா இருக்கணும், நாம உறை ஊத்துன தயிர் கணக்குல வராது. பாலுக்குப் பதிலாக் காட்டுன தயிர அதே வேளையில மீட் ஆல்டர்னேட்டாவும் காட்டக் கூடாது. 2025 அக்டோபர் 1ல இருந்து இன்னொண்ணு, 6 அவுன்ஸ் தயிர்ல சேர்த்த சர்க்கரை 12 கிராமுக்கு மேல போகக் கூடாது, சீரியல்ல ஒரு அவுன்ஸுக்கு 6 கிராம். ஃப்ளேவர் போட்ட தயிர் வாங்குறவங்க டப்பாவத் திருப்பி லேபிள் பாருங்க.

ரெண்டாவது வேலை, வருமான ஃபாரம், ஃப்ரீ, ரெட்யூஸ்டு, பெய்டுன்னு முடிவு பண்ண வீட்டுல நிரப்பித் தர்றது. இதப் பத்தி எத்தன தடவ சொன்னாலும் பத்தாது. 2024 ஜூலையில இருந்து 2025 ஜூன் வரைக்கும் இருந்த ரேட்டப் பாருங்க, சென்டர்ல ஃப்ரீ கணக்குல ஒரு மதிய சாப்பாட்டுக்கு 4 டாலர் 43 சென்ட், பெய்டு, அதாவது சலுகை இல்லாத கணக்குல 42 சென்ட். ஃபாரம் வரலன்னா அந்தக் குழந்தை வீட்டு நிலைமை எப்படி இருந்தாலும் பெய்டுதான். அதே பருப்பு, அதே சாதம், நமக்கு வந்தது 42 சென்ட். பெத்தவங்க கௌரவக் குறைச்சல்னு நெனச்சு ஃபாரத்த பையிலயே வச்சிருக்காங்க. அவங்ககிட்ட உக்காந்து பேசுங்க, அந்த ஃபாரம் வெளிய யாருக்கும் போகாது, எல்லாக் குழந்தைக்கும் ஒரே தட்டு ஒரே சாப்பாடுதான்னு சொல்லுங்க. ஸ்நாப்ங்கிற அரசு உணவு உதவி வாங்குறவங்க கேஸ் நம்பர் போட்டாலே போதும், சம்பளம் எழுத வேண்டாம்.

பெரியவங்க சென்டர்ல இன்னும் பெரிய குழப்பம் ஒண்ணு. மகன் வீட்டுல இருக்கிற அம்மாவுக்கு ஃபாரம் நிரப்பும்போது மகன் சம்பளத்தையும் சேர்த்து எழுதிடுறாங்க, மகன் ஐடியில இருக்காரு, உடனே பெய்டு ஆயிடுது. அது தேவையே இல்ல. பெரியவங்க ஃபாரத்துல குடும்பம்னா அந்தப் பெரியவங்க, கூட இருக்கிற கணவன் அல்லது மனைவி, அவங்கள நம்பி இருக்கிறவங்க, அவ்வளவுதான். மெடிகெய்ட்ங்கிற அரசு மருத்துவ உதவி இருக்கிறவங்களுக்கு வருமானமே கேக்க வேண்டியதில்ல. நம்ம உறுப்பினர் சென்டர்ல பழைய ஃபாரங்கள எடுத்துப் பாத்து புதுசா வாங்க வச்சோம், இதுக்காகவே சங்கம் இருக்கலாம்னு எனக்குத் தோணுது.

மினசோட்டா மோசடி வழக்க எல்லாரும் படிச்சிருப்பீங்க, 2022 செப்டம்பர்ல 47 பேர் மேல கேஸ் போட்டாங்க, 250 மில்லியன் டாலர்னு சொன்னாங்க, குழந்தைங்க சாப்பாட்டுப் பணம். அதுக்கப்புறம் எங்க போனாலும் கேள்வி கூடியிருக்கு, கேக்கட்டும், கேக்கத்தான் வேணும். நாம சாப்பாட்டு எண்ணிக்கைய சாப்பிடுற நேரத்துலயே மேசைகிட்ட நின்னு போடணும், சாயங்காலம் அட்டெண்டன்ஸப் பாத்து போடுறது வேண்டவே வேண்டாம். பேப்பர் எல்லாம் மூணு வருஷத்துக்கு வச்சிருக்கணும். தப்பு பெருசாகி நேஷனல் டிஸ்குவாலிஃபைட் லிஸ்ட்ல, அதாவது திட்டத்துல சேரத் தகுதி இழந்தவங்க பட்டியல்ல, பேர் போச்சுன்னா பொதுவா ஏழு வருஷம் அதுலயே இருக்கும், அப்புறம் அந்தச் சென்டர் பிள்ளைங்க தட்டுதான் சுருங்கும்.

இப்ப வருத்தமான விஷயம். சந்தா. வருஷ ஆரம்பத்துல எல்லாரும் கட்டுறேன்னு கைதூக்குனீங்க, பாதிப் பேருக்கு மேல இன்னும் கட்டல. பொருளாளர் அக்கா ஒவ்வொருத்தருக்கும் ஃபோன் பண்ணி பண்ணி அலுத்துட்டாங்க. கஷ்டத்துல இருக்கிற வீட்டு டே கேர் அம்மாங்க முதல் மாசமே கட்டிட்டாங்க, ரெண்டு மூணு சென்டர் வச்சிருக்கிறவங்கதான் பாக்கி. மாதக் கூட்டத்துக்கும் அதே கதைதான், வர்ற பத்துப் பேரே திரும்பத் திரும்ப வர்றாங்க. ஆனா ரிவ்யூ தேதி நெருங்குனா ராத்திரி பத்து மணிக்கு எனக்கு ஃபோன் வருது, அண்ணா அந்த ரெசிபி ஃபைல கொஞ்சம் அனுப்புங்கன்னு. நான் அனுப்பாம இருந்ததில்ல, ஏன்னா அந்தப் பக்கம் பசங்க இருக்காங்க. ஆனா அந்த ஃபைல் தானா வரல, ஞாயித்துக்கிழமைங்கள விட்டுக்குடுத்து நாலஞ்சு பேர் அளந்து எழுதுனது, அத மனசுல வச்சுக்கணும்.

கணக்கு. வரவு செலவு விவரத்த பொருளாளர் அக்கா வாசிப்பாங்க. சுருக்கமா சொன்னா சந்தாவும் பொங்கல் நன்கொடையும் வரவு, ஹால் வாடகை, பிரிண்ட், அளவுக் கப், தராசு, டீ டிஃபன் செலவு. கையில கொஞ்சம் மிச்சம் இருக்கு, அடுத்த ஹால் அட்வான்ஸுக்கு சரியா இருக்கும்.

தலைவருக்கும், துணைத் தலைவருக்கும், பொருளாளர் அக்காவுக்கும், செயற்குழுவுக்கும், ஹால் குடுத்தவங்களுக்கும் நன்றி. கிச்சனத் திறந்து விட்ட சென்டர்காரங்களுக்கு நன்றி. கூட்டு வச்சுக் காட்டுன அந்த அம்மாவுக்கு தனியா என் வணக்கம், ஃபைல்ல பாதி ரெசிபி அவங்க கைப்பக்குவம்.

அடுத்த வருஷம் செய்ய வேண்டியது நிறைய இருக்கு. காலைச் சாப்பாடு பக்கம் இன்னும் அரைகுறையா இருக்கு, இட்லிக்கு மாவு அளவு கிராம் கணக்குல எழுதி முடிக்கணும், ஒரு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்க பகுதி ஆரம்பிக்கவே இல்ல. வீட்டு டே கேர் நடத்துறவங்களுக்கு டியர் ஒண்ணு (அதிக ரேட்), டியர் ரெண்டு (குறைஞ்ச ரேட்) எப்படி முடிவாகுதுன்னு ஒரு வகுப்பு வைக்கணும், பக்கத்து ஸ்கூல் கணக்க வச்சே டியர் ஒண்ணு கிடைக்கிறவங்க அது தெரியாம ரெண்டுல இருக்காங்க. இதயெல்லாம் செயலாளர் ஒருத்தர் சென்டர் வேலையையும் பாத்துக்கிட்டு செய்ய முடியாது, அத நேராவே சொல்லிடுறேன். பதவிக்கு வேற யாராவது வர்றதுன்னா ஃபைல முழுசா கையில குடுத்து கூட நிக்கிறேன். நானே தொடரணும்னு பொதுக்குழு நெனச்சா, மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை கிச்சனுக்கு வர்றதுக்கு ரெண்டு பேர் பேர் குடுங்க, டைப் பண்ணத் தெரிஞ்ச ஒருத்தர் வேணும், சந்தா பாக்கி வைக்காம வரணும்.

இன்னைக்கு கூட்டம் முடியற வரைக்கும் பொருளாளர் அக்கா வாசல் பக்கம் மேசைலதான் இருப்பாங்க, செக், ஃபோன்ல அனுப்புற ஜெல் (Zelle) பணம் ரெண்டும் வாங்கிக்குவாங்க. ஞாயித்துக்கிழமை வேலைக்குப் பேர் எழுதுற நோட்டும் அதே மேசையில இருக்கு.

இப்படிக்கு,
செயலாளர்